மாணவிகளோடு மன்னார் வளைகுடாவுக்கு: எப்போது, எங்கே, எதைத் தேடி

ஒன்பதாம், பதினோராம் வகுப்பு மாணவிகள் 30 பேரை மதுரையிலிருந்து மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்கு மூன்று நாள் அறிவியல் பயணமாக அழைத்துப் போக நினைக்கிறீர்கள் டீச்சர். எந்த மாதம் நல்லது, அங்கே பிள்ளைகளை என்ன செய்ய வைப்பது, கடல் என்றாலே பின்வாங்கும் பெற்றோரிடம் என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். அந்தக் கரையில் பல வருடங்களாக மாணவிகளோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாளில் பத்து இடம் காட்டாதீர்கள். தனுஷ்கோடி, கோயில், பாலம், தீவு, அருங்காட்சியகம் என்று வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் செல்போனில் படங்கள்தான் சேரும். ஒரே ஒரு கேள்வி போதும். அதற்குப் பதில் தேடிப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே அளக்க வேண்டும், எழுத வேண்டும், கணக்குப் போட வேண்டும். மற்றதெல்லாம் நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

பூங்காவைப் பற்றிக் கொஞ்சம். ராமேசுவரம் பக்கமிருந்து தூத்துக்குடி வரை கரையை ஒட்டி வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலும்தான் தேசியப் பூங்கா. பரப்பு 560 சதுர கிலோமீட்டர், 1986இல் அறிவிக்கப்பட்டது. எல்லையைக் கடலின் ஆழத்தை வைத்தே வகுத்திருக்கிறார்கள்: கரையைப் பார்த்த பக்கம் மூன்றரைப் பாகம், ஆழ்கடலைப் பார்த்த பக்கம் ஐந்து பாகம். ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர். இதைப் பிள்ளைகளையே மீட்டராக மாற்றச் சொல்லுங்கள். இவ்வளவு ஆழத்துக்குள்தான் பவளமும் கடற்புல்லும் இருக்கின்றன என்றால் ஏன் என்று அவர்களே கேட்பார்கள். சூரிய ஒளி என்ற பதிலுக்கு அவர்களே வந்துவிடுவார்கள். பூங்காவைச் சுற்றி 1989இல் அறிவிக்கப்பட்ட 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் இருக்கிறது. மீனவக் கிராமங்கள் அதற்குள் வருகின்றன.

காலம் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பள்ளிச் சுற்றுலா என்றதும் மே மாதம் நினைவுக்கு வரும். ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடாவைக் கொந்தளிக்க வைக்கும். தண்ணீர் கலங்கிப் போகும், படகு ஆடும், வெயில் வேறு. அந்த மாதங்களில் வடக்குப் பக்கத்துப் பாக் விரிகுடா அமைதியாக இருக்கும். வாடைக்காற்று அடிக்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரை நிலைமை தலைகீழ். உங்களுக்குச் சரியான நேரம் பொங்கல் விடுமுறை முடிந்து பிப்ரவரி நடு வரை. மழை ஓய்ந்திருக்கும், தென்கரைத் தண்ணீர் தெளிந்திருக்கும், ஆண்டுத் தேர்வுக்கும் இடைவெளி இருக்கும். அதற்குள்ளும் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கரையில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அந்த நாட்களில்தான் நீர் நன்றாக வற்றி, கரையோரப் பாறைத்தட்டும் கடற்புல் மேடும் வெளியே தெரியும். நீர் வற்றும் நேரத்தை பாம்பனுக்கான ஓத அட்டவணையில் (கடல் ஏறும், வற்றும் நேரப் பட்டியல்) பார்த்து அதன்படி அன்றைய வேலையை அமையுங்கள். சாப்பாட்டு நேரம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

இனி அந்தக் கேள்வி. ராமேசுவரத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் என்ற ஊரில் நிலம் ஒரு நாக்கு போல நீண்டு கிடக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் சில கிலோமீட்டர்தான். ஒரே காலையில் இரண்டு கடலிலும் கால் நனைக்கலாம். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் இவ்வளவு எளிதாக ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் இடம் எனக்குத் தெரிந்து இல்லை. “ஒரே நிலத்தின் இரண்டு பக்கமும் கடல் ஒன்றுதானா, வேறா?” இதையே பயணத்தின் கேள்வியாக வையுங்கள். பாக் விரிகுடா மிகவும் ஆழம் குறைந்தது, பல இடங்களில் பத்து மீட்டர்கூட இராது. அடியில் சேறும் மணலும் கடற்புல் வெளியும். வடகிழக்குப் பருவத்தில் ஆறுகளின் நன்னீர் கலந்து உப்புக் குறைந்த வங்காள விரிகுடாத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்து சேர்கிறது. தெற்கே பவளத்திட்டுகள், தீவுகள், அப்புறம் சரசரவென்று ஆழமாகும் கடல். இதையெல்லாம் போவதற்கு முன் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். வரைபடத்தை மட்டும் கொடுத்து, எது கலங்கலாக இருக்கும், எது உப்பாக இருக்கும் என்று ஆளுக்கொரு ஊகம் எழுதி வாங்கி உறையில் போட்டு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கப் பெரிய கருவிகள் வேண்டாம். 20 சென்டிமீட்டர் அகலத் தகரத் தட்டை நாலாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் அடித்து, நடுவில் கயிறு கட்டி, கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டால் தண்ணீரின் தெளிவை அளக்கும் தட்டு தயார். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். தென்கரையில் தெளிவான நாளில் தட்டு தரையைத் தொட்ட பிறகும் தெரிந்துகொண்டே இருக்கும். அப்போது “தரை வரை தெரிந்தது” என்று எழுத வேண்டும். ஓர் எண் வேண்டுமே என்று எதையாவது போடக் கூடாது. இந்த ஒரு பழக்கத்தைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டு வந்தாலே பயணத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது என்பேன்.

உப்புக்கு, 100 மில்லி கடல்நீரைச் சுண்டக் காய்ச்சி, நகைக்கடைத் தராசு போன்ற சிறு மின்தராசில் நிறுத்தால் மூன்றரைக் கிராம் அளவில் நிற்கும். ஒவ்வொரு கடலுக்கும் மூன்று முறை செய்யச் சொல்லுங்கள். இரு கடலுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட மூன்று அளவீடுகளுக்குள் உள்ள வித்தியாசமே பெரிதாக வரலாம். வந்தால் நல்லது. “எங்கள் முறையால் இதைச் சொல்ல முடியவில்லை” என்று பதினான்கு வயதுப் பெண் தன் பெயர் போட்டு எழுதுவதை மதிப்பெண் குறையும் பதிலாக நடத்தாதீர்கள். பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையில் உப்புமானி இரவல் கிடைத்தால் அதோடு ஒத்துப் பார்க்கலாம்.

கரையில் ஒதுங்கியவற்றைக் கணக்கெடுப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. அரை மீட்டருக்கு அரை மீட்டர் பி.வி.சி. குழாய்ச் சட்டம் ஒன்று, 50 மீட்டர் கயிறு ஒன்று. கயிற்றைக் கரைக்கு இணையாக நீட்டி, ஐந்து மீட்டருக்கு ஒருமுறை சட்டத்தை வைத்து, உள்ளே என்னென்ன கிடக்கிறது என்று எண்ண வேண்டும்: கடற்புல் இலை, பாசி, சிப்பி, பவளத்துண்டு, வலைத்துண்டு, பிளாஸ்டிக். கடற்புல்லும் கடற்பாசியும் வேறு வேறு என்பது அங்கேதான் கைக்குப் புரியும். கடற்புல்லுக்கு வேர் உண்டு, பூ உண்டு, விதை உண்டு. நிலத்துத் தாவரங்களின் உறவு அது. பாசிக்கு இவை எதுவும் கிடையாது. கடற்புல்லை நம்பித்தான் கடல்பசு வாழ்கிறது. ஆவுளியா என்று கரையில் சொல்வார்கள். அதற்காகவே 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

ஒரே சட்டத்தை இரண்டு பெண்கள் தனித்தனியாக எண்ணட்டும். ஒருத்தி 14 என்பாள், மற்றவள் 19 என்பாள். உடைந்த சிப்பியை ஒன்றாக எண்ணுவதா, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இலையைச் சேர்ப்பதா என்று சண்டை வரும். நீங்கள் குறுக்கே போகாதீர்கள். விதியை அவர்களே பேசி எழுதிக்கொண்டு மறுபடி எண்ணட்டும். பாடப்புத்தகத்தில் உள்ள எண்கள் எல்லாமே இப்படி யாரோ மணலில் குந்தி உட்கார்ந்து, என்னத்தைச் சேர்ப்பது என்று முடிவெடுத்த பிறகு வந்தவை என்பது அன்றைக்கு அவர்களுக்குத் தெரியும்.

கருவி யார் கையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பையன்களும் இருக்கும் குழுவில் பெண் பிள்ளைகள் கையில் நோட்டுதான் வரும், தெர்மாமீட்டர் வராது. பெண்கள் மட்டும் இருக்கும் குழுவிலும் முதல் ரேங்க் வாங்குகிறவளிடமே எல்லாம் போய்ச் சேரும். ஐந்து பேர் கொண்ட குழுவில் அளப்பவள், எழுதுபவள், சரிபார்ப்பவள், படம் வரைபவள், நேரம் பார்ப்பவள் என்று வைத்து ஒவ்வோர் இடத்திலும் மாற்றிவிடுங்கள்.

தீவுக்குப் போவது இரண்டாம் நாள். பாம்பன் தீவில் உள்ள குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு போகிறது. கடல் நிலையைப் பொறுத்துத்தான். குருசடை சாதாரணத் தீவு இல்லை. அதன் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இலேயே தனி நூல் வெளியிட்டிருக்கிறது. பதினோராம் வகுப்பு விலங்கியலில் அரைநாணிகள் என்று படிக்கிறார்களே, அந்தப் புழு போன்ற பலானோகுளோசஸ் மணலுக்குள் வாழ்கிற இடம் இது. தோண்டிப் பார்க்கக் கூடாது. அது இருக்கும் மணலின் மேல் நிற்கிறோம் என்று சொன்னாலே போதும், பிள்ளைகள் காலை மெதுவாக வைப்பார்கள்.

பவளத்தை மேலிருந்து பார்க்கும்போது இனப்பெயர் சொல்லித் திணறடிக்க வேண்டாம். இந்த வளைகுடாவில் 117 வகைக் கெட்டிப் பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. மூன்று மணி நேரத்தில் அவற்றைப் பிரித்தறிவது நடக்காது. உருவத்தைக் குறித்தால் போதும்: மான்கொம்பு போல் கிளைத்தது, உருண்டைப் பாறை போன்றது, தட்டையாக விரிந்தது. கூடவே நிறம். பழுப்பும் பச்சையும் பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். தண்ணீர் வழக்கத்தைவிட ஒன்று இரண்டு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் பாசி வெளியேறிப் பவளம் வெளுக்கும். வெளுத்தது உடனே செத்ததாக அர்த்தம் இல்லை, சூடு தணிந்தால் மீளலாம். நீடித்தால் பட்டினியில் சாகும். 1998, 2010, 2016 ஆண்டுகளின் கோடையில் இங்கே பெரிய அளவில் வெளுத்தது. பிப்ரவரியில் நீங்கள் பார்ப்பது நல்ல காலத்துப் பவளம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்; தேதியும் வெப்பநிலையும் இல்லாத குறிப்பு பின்னால் யாருக்கும் உதவாது.

21 தீவுகள் என்று சொன்னேன். அதில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டும் இன்று நீர்மட்டத்துக்கு மேல் இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுத்த அரண் போயிற்று, அலை மணலை அரித்தது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. தூத்துக்குடிக்கு அருகே வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கி அரிப்பைத் தடுக்கும் வேலை நடந்திருக்கிறது. கடல்மட்டம் உயர்ந்ததால்தான் மூழ்கியது என்று ஒரே வரியில் பிள்ளைகள் எழுதினால் திருத்துங்கள். அந்தப் பவளத்தை வெட்டியது மனிதர்கள்.

கடலட்டை, கடல்குதிரை எல்லாமே 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. பூங்காவுக்குள்ளிருந்து ஒரு சிப்பிகூட எடுக்கக் கூடாது. பள்ளி ஆய்வகத்துக்கு மாதிரி வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். உயிருள்ளதையும் பாடம் செய்ததையும் பார்க்க மண்டபம் முகாமில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. 1947இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அங்கு பணிபுரியும் பெண் விஞ்ஞானி ஒருவரை அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். வேலைக்கு எப்படி வந்தார், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும்.

அதைவிட முக்கியமாக நான் நினைக்கும் சந்திப்பு ஒன்று உண்டு. மண்டபம், பாம்பன் பக்கத்துக் கிராமங்களில் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி இறங்குவார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசிகளைப் பெயரோடும் பருவத்தோடும் அறிந்தவர்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, பாசி பெருகும் காலத்தில் நிறுத்துவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி பரிசை 2015இல் பெற்றார். தேசியப் பூங்கா வந்ததால் தாய், பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவுகளைச் சுற்றி இறங்க முடியாமல் போனது அவர்களின் நியாயமான வருத்தம். பாதுகாப்பும் வேண்டும், அவர்கள் பிழைப்பும் வேண்டும். இரண்டையும் பிள்ளைகள் அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு நல்ல விஷயமும் சொல்கிறேன். வெளியிலிருந்து கொண்டுவந்து பாக் விரிகுடாவில் வளர்க்கப்பட்ட ஒருவகைப் பாசி குருசடையில் பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தார்கள். அதே பாசியை மிதவைகளில் வளர்த்துத்தான் பல பெண்கள் குழுவாகச் சம்பாதிக்கிறார்கள். நல்லதா கெட்டதா என்று உங்கள் பிள்ளைகள் இரவில் உட்கார்ந்து வாதம் செய்யட்டும், தீர்ப்பு நீங்கள் சொல்ல வேண்டாம். அந்தப் பெண்கள் வரும் நேரத்துக்கு ஒரு நாள் கூலி கொடுத்துவிடுங்கள். கூலிக்குப் பதிலாகப் பொன்னாடை போர்த்தி அனுப்புவது முறையில்லை.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். பயம் பொய்யில்லை, அதை அலட்சியப்படுத்திப் பேசாதீர்கள். கூட்டம் போட்டு, எங்கே படுக்கை, யார் கூட இருப்பார்கள், எத்தனை மணிக்குப் போன் வரும், படகில் யார் ஓட்டுகிறார், எத்தனை உயிர்காப்பு உடை இருக்கிறது என்று தாளில் அடித்துக் கொடுங்கள். நீச்சல் இந்தப் பயணத்தில் இல்லை, முழங்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அம்மாக்கள் இருவரைக் கூடவே அழைத்துப் போங்கள், செலவைப் பள்ளி ஏற்கட்டும். மறுநாள் அவர்கள் மற்ற அம்மாக்களிடம் பேசுவதைவிட வலுவான பேச்சு உங்களிடம் இருக்காது.

மாதவிடாய் வந்தால் பிள்ளையை அறையில் உட்கார வைக்க வேண்டிய அவசியமே இல்லை. பிரச்சினை கழிப்பறைதான். தீவில் ஆள் கிடையாது, வசதியும் இராது. வெளியே போக இடம் இல்லை என்று தெரிந்தால் நம் பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். வெயிலில் பதினோரு மணிக்கு மயங்கி விழும் பிள்ளைக்குப் பல சமயம் இதுதான் காரணம். சிறுநீர்த் தொற்றும் இதனால்தான். எனவே தீவுப் பயணம் அரை நாளுக்கு மேல் வேண்டாம். கிளம்பும் முன்னும் இறங்கியவுடனும் நிச்சயமான கழிப்பறை எங்கே என்று நீங்களே நேரில் போய்ப் பார்த்துவையுங்கள். கரையில் வேலை செய்யும் நாட்களில் நாலு கம்பும் தார்ப்பாயும் கொண்டு ஒரு மறைப்பு. நாப்கினும், பயன்படுத்தியதைத் திரும்பக் கொண்டுவர உறையும் ஒவ்வொரு குழுப் பையிலும் கேட்காமலே எடுக்கும்படி இருக்க வேண்டும். தண்ணீர் குடித்த நேரத்தையும் குறிப்பேட்டில் ஒரு பத்தியாக வைத்துவிடுங்கள். தெர்மாமீட்டர் பார்ப்பது போல அதையும் பார்ப்பார்கள்.

உடை: சுடிதார், லெகிங்ஸ் எது வசதியோ அது. துப்பட்டா வேண்டாம், படகு எஞ்சினுக்கு அருகே அது ஆபத்து, உயிர்காப்பு உடையையும் சரியாகக் கட்டவிடாது. வீட்டில் வற்புறுத்தினால் மேலே ஒரு தளர்வான முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாம். காலுக்குப் பழைய கேன்வாஸ் ஷூ, செருப்பு கூடாது. சொறிமீன் பட்டால் கடல்நீரால் கழுவ வேண்டும், நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்க்கக் கூடாது. திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அனுமதிக்கு, ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். படிப்புக்காக உள்ளே போக 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தேதி, ஆட்கள் எண்ணிக்கை, உடன்வரும் பெண் ஆசிரியர்கள், என்ன அளப்பீர்கள், எதையும் சேகரிக்க மாட்டோம் என்ற உறுதி ஆகியவை கடிதத்தில் இருக்கட்டும். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் கடலோரக் காவல் நிலையத்துக்கும் நகல். செலவுக்குப் பள்ளியின் தேசியப் பசுமைப் படை வழியாகக் கேட்டுப் பாருங்கள். கிளம்பும் முந்தின நாளும் அன்று காலையும் ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். கள்ளக்கடல் (உள்ளூரில் காற்று இல்லாமலே தொலைவிலிருந்து வரும் பெரிய அலை) எச்சரிக்கை இருந்தால் படகு இல்லை. பிள்ளைகள் அழுதாலும் இல்லை. அந்த நாளுக்கு வடகரை வேலையை மாற்றாக வைத்திருங்கள்.

திரும்பி வந்த வாரத்திலேயே, நினைவு மங்குவதற்குள், ஒட்டி வைத்த உறையைப் பிரித்து ஊகத்தையும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அறிக்கையின் ஒரு படி வன அலுவலகத்துக்கு, ஒரு படி பாசி எடுக்கும் பெண்களின் கிராமத்துக்கு. அளந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைச் செல்போனில் குறித்து வைத்திருந்தால் அடுத்த வருடத்து மாணவிகள் அதே இடத்தில், அதே மாதத்தில், அதே குழாய்ச் சட்டத்தை வைக்கலாம். மூன்றாம் வருடத்தில் உங்கள் பள்ளியிடம் வேறு யாரிடமும் இல்லாத அளவீட்டு வரிசை ஒன்று இருக்கும். அனுமதிக் கடிதத்தை நவம்பர் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள், பதில் வரத் தாமதமாகும். தட்டுக்கான அளவும் குறிப்பேட்டுப் பக்கத்தின் மாதிரியும் வேண்டுமென்றால் கேளுங்கள், வரைந்து தருகிறேன்.